"போர்ட் போய்விட்டது" என்று சொல்ல முன் அளந்து பார்த்தீர்களா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கேக் செய்து விற்கும் சகோதரிகளும், அவர்களுடைய கணவன்மாரும், ஓவன் திருத்தும் தம்பிமாரும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, அக்குறணையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு ராத்தாவின் டச் ஓவன் நின்றுவிட்டது. கையில் பதினொரு கேக் ஓடர். முன்பணமும் வாங்கி, முட்டையும் பட்டரும் வாங்கி முடிந்தது. கரண்ட் போய் வந்த பிறகு கண்ணாடியில் இலக்கங்கள் மினுங்குகின்றன, சூடு மட்டும் வரவில்லை. திருத்துவதற்கு ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் மூடியைக் கழற்றவில்லை. மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. இரண்டு தடவை கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போர்ட் போய்விட்டது. நாற்பதாயிரம் ஆகும், சாமான் வர மூன்று கிழமை. இதற்குப் புதிதே வாங்கலாம்" என்றார். வீட்டு ஆண்கள் செய்ததோ அதைவிட மோசம். "கண்டபடி அமத்தியிருப்பாய்" என்று ராத்தாவையே ஏசினார்கள்.

அன்று பின்னேரம் எங்களிடம் படித்த ஒரு பிள்ளை போய்ப் பார்த்தான். கரண்ட் போய் வந்ததால் மணிக்கூடு அழிந்திருந்தது. நேரத்தைச் சரியாக வைக்கும் வரை சூடாகாத ஓவன்கள் நிறைய இருக்கின்றன, இதுவும் அப்படியான ஒன்று. நேரத்தை வைத்தான், சூடு வந்தது. செலவு ஒரு பிளேன்டீ.

எங்களுக்குக் கோபம் அந்த ஒரு மனிதர் மேல் மட்டுமல்ல. கடுகஸ்தோட்டையிலும் மடவளையிலும் கெலிஓயாவிலும் இதே கதையைக் கேட்கிறோம். "போர்ட் போய்விட்டது" என்பது இன்று ஒரு நோயின் பெயர் இல்லை. அளந்து பார்க்கச் சோம்பல் என்பதன் மறுபெயர்.

போர்ட் பழுதாவதே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கரண்ட் திரும்பி வரும்போது ஏறி இறங்கினால், போர்டில் முதலில் அடிபடுவது பியூஸும் வெரிஸ்டரும் கெப்பாசிட்டரும்தான். ஆனால் அவை ஒவ்வொன்றும் தனியாக மாற்றக்கூடிய சிறிய சாமான்கள். ஒரு பல் பூச்சி பிடித்தால் எல்லாப் பல்லையும் பிடுங்குவோமா?

ஆகவே சகோதரிகளே, யாரையும் கூப்பிட முன் நீங்களே பார்க்க வேண்டியவை இவை. எதற்கும் மூடியைத் திறக்கத் தேவையில்லை.

1. விளக்கு எரிகிறது, தொட்டால் அசையவில்லை: சைல்ட் லொக் போட்டிருக்கிறதா பாருங்கள். பூட்டுப் படத்தைச் சில விநாடி அமத்திப் பிடித்தால் அநேகமானவற்றில் அது விடுபடும். டச் கண்ணாடி விரலின் மெல்லிய மின் தன்மையை உணர்ந்துதான் வேலை செய்கிறது. எண்ணெய், மாப்பசை, ஈரம் படிந்திருந்தால் அது குழம்பும். காய்ந்த துணியால் துடையுங்கள்.

2. இன்னும் குழப்பம் என்றால், சுவரில் சுவிச்சை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடுங்கள். பிறகு நேரத்தை வையுங்கள்.

3. கண்ணாடியில் பிழை இலக்கம் வந்தால் படம் எடுத்து வையுங்கள், கைநூலில் தேடுங்கள். பல தடவை அது வெப்பத்தை அளக்கும் சென்சரைத்தான் குறிக்கும். அநேக ஓவன்களில் உள்ள பி.டி. 1000 வகைச் சென்சர் சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ 1,100 ஓம் காட்ட வேண்டும். திருத்த வருபவர் மீட்டர் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

4. எல்லாம் எரிகிறது, சூடு இல்லை: எலிமென்ட் அறுந்திருக்கலாம், அல்லது ரிலே பழுதாகியிருக்கலாம். 2,000 வொட் எலிமென்ட் நல்லதாக இருந்தால் 26 ஓம் அளவில் காட்டும். இதையும் அளக்கத்தான் வேண்டும்.

5. போட்டவுடன் ட்ரிப் சுவிச் விழுகிறது: எங்கள் கண்டி மழைக்கும் பனிக்கும் இது சாதாரணம். பல நாள் பாவிக்காத எலிமென்டின் உள்ளே இருக்கும் காப்புப் பொடி ஈரத்தை உறிஞ்சி, கரண்ட் கசியும். எலிமென்டைக் காயவைத்து அளந்தால் பல நேரம் சரியாகும். ட்ரிப் சுவிச்சை விலக்கிவிட்டு நேரடியாகக் கனெக்‌ஷன் கொடுக்க யாராவது சொன்னால், அவரை அந்த நிமிடமே வீட்டைவிட்டு அனுப்புங்கள். அந்தச் சுவிச்தான் உங்கள் பிள்ளையின் உயிர்.

பிங்கா ஓயா பெருகி வீட்டுக்குள் தண்ணீர் வந்து நனைந்த ஓவனை, காய்ந்துவிட்டது என்று நினைத்துச் சொருகவே வேண்டாம். தெரிந்தவர் திறந்து அளந்த பிறகுதான் கரண்ட். மூடிக்குள்ளே கையை வைக்கவும் வேண்டாம். சொக்கட்டைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.

இனி நாங்கள் எங்களையே கேட்க வேண்டிய கேள்விகள்.

ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து அளந்து, "பழுது ஒன்றும் இல்லை ராத்தா" என்று சொன்னால் அவனுக்கு என்ன கொடுக்கிறோம்? "ஒன்றும் செய்யவில்லையே, பிறகு என்ன காசு?" என்கிறோம். உண்மை சொன்னவன் பெற்றோல் காசும் இல்லாமல் போகிறான். பொய் சொல்லிப் போர்ட் விற்றவன் லாபத்தோடு போகிறான். அளந்து பார்ப்பதற்கு நாங்கள் கூலி கொடுக்காத வரை, அளக்காத ஆட்கள்தான் எங்கள் வாசலுக்கு வருவார்கள்.

அளவை நிறுவையில் குறைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று ஜும்ஆக்களில் கேட்கிறோம். தராசில் குறைப்பது மட்டும்தான் மோசடியா? அளக்காமலே விலை சொல்வது அதைவிடச் சிறியதா? திருத்தக்கூடிய ஒன்றைக் குப்பையில் எறிய வைப்பது வீண்விரயம் இல்லையா?

ஆசிரியர்களாகிய எங்களிலும் பிழை இருக்கிறது. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. இன்றும் எங்கள் பாடசாலைகளில் அதைக் "கணிதமும் விஞ்ஞானமும் கிடைக்காத பிள்ளைகளின் வகுப்பு" என்று பேசுகிறோம். பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பாவிடம் "உங்கள் மகனுக்குக் கை வேலை நன்றாக வரும், தொழிற்பயிற்சி அதிகார சபைக்கு அனுப்புங்கள்" என்று சொன்னால் முகம் சுருங்குகிறது. பிறகு ஓவன் திருத்தத் தெரிந்த ஆள் ஊரில் இல்லையென்று கவலைப்படுகிறோம். மகள்மாருக்கு மீட்டர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தால் என்ன குறை? வீட்டில் அந்த மெஷினை வைத்து உழைப்பது அவர்கள்தானே.

"திருத்துபவரும் வயிறு வளர்க்க வேண்டும்" என்று சிலர் சொல்வார்கள். நிச்சயமாக. நேர்மையாகத் திருத்துபவருக்கு இன்னும் கூடக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறோம். "கம்பனிக்காரன் சாமானும் தருவதில்லை, வயரிங் படமும் தருவதில்லை" என்பதும் உண்மை. அதைக் கேட்டு வாங்குவதும் ஒரு உரிமை. ஐரோப்பாவில் 2021 மார்ச்சிலிருந்து வொஷிங் மெஷின், பிரிட்ஜ் போன்றவற்றுக்குப் பல வருடங்கள் உதிரிப்பாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம். இந்தியாவில் 2022 இல் திருத்தும் உரிமைக்கென அரசாங்கமே ஒரு இணையத்தளம் தொடங்கியது. இங்கே நாங்கள் வாங்கும்போது "சாமான் எத்தனை வருடம் கிடைக்கும்?" என்று ஒரு வார்த்தை கூடக் கேட்பதில்லை. டச் கண்ணாடியின் பளபளப்பைப் பார்த்துக் காசைக் கட்டுகிறோம்.

ஆகவே மூன்று தீர்மானம்:

ஒன்று, "போர்ட் போய்விட்டது" என்று யார் சொன்னாலும், எதை அளந்தீர்கள், என்ன காட்டியது, எழுதித் தருவீர்களா என்று கேட்போம். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குவோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் எங்களுக்காகத்தான் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு 1977.

இரண்டு, அளந்து உண்மை சொன்னவருக்கு, பழுது இல்லாவிட்டாலும், கூலி கொடுப்போம்.

மூன்று, பெண்ணை ஏச முன் மெஷினைப் பார்ப்போம்.

அந்த ராத்தா பதினொரு கேக்கையும் பெருநாளுக்கு முதல் நாள் இரவே கொடுத்து முடித்தார். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இதே வார்த்தையை நம்பிக் கடன்பட்டுப் புது ஓவன் வாங்கியவர்கள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்? அனுபவம் உள்ளவர்கள் கடைப் பெயர், ஆள் பெயர் போடாமல் கீழே எழுதுங்கள். நேர்மையாகத் திருத்தும் தம்பிமாரைத் தெரிந்தால், அவர்களைத் தேவைப்படுபவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள். அதுவும் ஒரு ஸதகாதான்.