சம்பளத்தை விழுங்கும் வட்டி

ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டு, ஷூ தைத்து, உலகச் சந்தைக்கு அனுப்பும் தொழிலாளி மக்கள் மாதம் முழுவதும் உழைத்துப் பெறும் சம்பளம் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேருகிறதா? பலருடைய விஷயத்தில் இல்லை என்பதே நாம் அன்றாடம் காணும் உண்மை. சம்பளத்தைப் பாங்கில் போடுகிறார்களே, இனி வட்டிக்காரன் அதில் கைவைக்க முடியாது என்று சிலர் எண்ணினார்கள். வட்டிக்காரன் அதற்கும் வழி கண்டுபிடித்தான். ஏ.டி.எம். அட்டையையே அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டான். அட்டையும் அவனிடம், ரகசிய எண்ணும் அவனிடம். சம்பளம் விழுந்த அன்றே தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுக்கிறான். உழைத்தவர் தம் கூலிக்கே அவன் முன் கை நீட்டி நிற்கிறார்.

தொழிலாளி குடித்துத் தீர்க்கிறான், கல்யாணத்தில் ஆடம்பரம் செய்கிறான், அதனால்தான் கடனாளியாகிறான் என்று உபதேசம் செய்கிற கனவான்கள் உண்டு. குடி குடும்பத்தைக் கெடுக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்து ஆலைக் கதவுகளைப் பூட்டியது தொழிலாளியா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி போட்டது. அதற்கும் அவர்தான் பொறுப்பா? வெளிநாட்டு ஆர்டரை நம்பி நடக்கும் தொழிலில் ஓவர்டைம் நின்றால் அந்த மாதமே வாடகை பாக்கி. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கடன். வாழ்க்கைச் செலவுக்கும் கூலிக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் லேவாதேவிக்காரன் கடை விரித்திருக்கிறான்.

அவன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். தண்டல் கடன் பத்தாயிரம் என்று பெயர். கையில் தருவது 8,500. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "வெறும் ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் சேர்ந்து திரும்பிக்கொண்டிருக்கிறது. சராசரியாக நம் கையில் நிற்பது அதில் பாதிதான். கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 120 சதவீத வட்டி! மாதம் ரூபாய்க்குப் பத்து பைசா என்று வாங்கும் பத்து வட்டியும் இதுவேதான். மீட்டர் வட்டி, ரன் வட்டி என்பவை இதற்கும் மேலே போகின்றன.

இப்போது வட்டிக்காரன் கைபேசிக்குள்ளும் வந்துவிட்டான். செயலியில் 5,000 கேட்டால் "பிராசஸிங்" என்று பிடித்துக்கொண்டு 3,500 அனுப்புவான்; ஏழாம் நாள் 5,000 வேண்டும் என்பான். தவறினால் போனில் உள்ள உறவினர் பெயர்களையெல்லாம் எடுத்து, படத்தை ஆபாசமாக மாற்றி, அவர்களுக்கே அனுப்புவான். 2020 கடைசியில் தெலுங்கானாவில் இப்படிப்பட்ட மிரட்டலால் உயிர்கள் பலியாயின. 2022 செப்டம்பரில் ரிசர்வ் பாங்க் தெளிவாகவே உத்தரவிட்டது: கடன் தரும் செயலி கடனாளியின் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது, எல்லாச் செலவும் சேர்ந்த வருஷ வட்டியை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அப்படி எழுதித் தராத செயலியைத் தொடாதீர்கள். மிரட்டினால் 1930 என்ற எண்ணில் சைபர் போலீசிடம் சொல்லுங்கள்.

தாய்மார்களைக் குறிவைப்பது குழுக்கடன். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். எனவே பக்கத்து வீட்டுக்காரியே வாசலில் வந்து உட்காருகிறாள். வசூல்காரனின் வேலையைத் தோழியைக் கொண்டே செய்விக்கும் இந்தத் தந்திரம் நம் தெருக்களின் ஒற்றுமையையே குலைக்கிறது. ஒரு கம்பெனியின் தவணைக்காக இன்னொரு கம்பெனியில் வாங்கி, அதற்காக மூன்றாவதில் வாங்கி, கடைசியில் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது. 2022 ஏப்ரல் முதல் அமலான ரிசர்வ் பாங்க் விதிப்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. விண்ணப்பத்தில் உங்கள் வருமானம் என்று என்ன தொகை எழுதுகிறார்கள் என்பதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

விவசாயக் கூலிகளின் நிலைமை இன்னும் கொடிது. 2019 ஜூலையில் நெமிலி தாலுகாவிலும் காஞ்சிபுரம் பக்கத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டார்கள். அற்ப முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் நாடெங்கும் வெளியாயிற்று. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்!

கடன் நிவாரணம் என்று சர்க்கார் எப்போது பேசினாலும் நிலமற்றவன் வெளியே நிற்கிறான். 1938-ல் சென்னை மாகாண சர்க்கார் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், நிலத்தில் பாத்தியதை உள்ளவனைத்தான் விவசாயி என்றது. 2021-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி செய்யப்பட்டது, நல்லதுதான், வரவேற்றோம். ஆனால் பட்டா இல்லாத கூலிக்குப் பயிர்க்கடன் ஏது, தள்ளுபடி ஏது?

சட்டம் இல்லாமல் இல்லை. 2003-ம் ஆண்டுச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்து, 3 வருஷம் வரை சிறை என்கிறது. அசலையும் சட்டப்படியான வட்டியையும் கோர்ட்டில் கட்டிக் கடன் தீர்ந்ததாக உத்தரவு பெறவும் அதில் வழி உண்டு. இது எத்தனை தொழிலாளிக்குத் தெரியும்? 2025-ல் வந்த இன்னொரு சட்டம் மிரட்டி வசூலிப்பவனுக்குச் சிறையோடு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. ஆனால் 2017 அக்டோபர் 23-ந் தேதி நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் கணவன், மனைவி, இரண்டு பச்சிளங் குழந்தைகள் தீக்கிரையானபோதும் 2003-ம் ஆண்டுச் சட்டம் இருக்கத்தான் செய்தது. அவர்கள் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தவர்கள். போலீஸ் ஸ்டேஷனில் வட்டிக்காரனுக்கு நாற்காலியும் கடனாளிக்குத் திண்ணையும் என்றால் சட்டப் புத்தகம் என்ன செய்யும்?

அப்படியானால் அவசரத்துக்கு எங்கே போவது? முதலில், நமக்கு உரிமையான பணத்தைக் கேட்போம். ஈ.எஸ்.ஐ. உள்ளவர் நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். சர்டிபிகேட் வாங்காமல் வீட்டில் படுத்துக் கடன் வாங்குவோர் அநேகர். வைத்தியம், கல்யாணம், படிப்பு, வீடு ஆகியவற்றுக்குப் பி.எப். பணத்தில் ஒரு பகுதியை எடுக்கலாம். அதற்கு வட்டி கிடையாது. ஆனால் அது முதுமைக்கான காசு, மோட்டார் சைக்கிளுக்கானதல்ல. நகை இருந்தால் சேட்டுக் கடைக்கு முன் கூட்டுறவு பாங்கை எட்டிப் பாருங்கள். பெண்களின் சுயஉதவிக் குழு பாங்கில் வாங்கும் கடனுக்கு, 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டித் திட்டம் இருக்கிறது. தனியார் குழுக்கடனும் இதுவும் ஒன்றென்று எண்ணி ஏமாற வேண்டாம்.

எல்லாவற்றிலும் மேலானது தொழிலாளிகளே நடத்தும் சிக்கன நாணயக் கூட்டுறவுச் சங்கம். 1890-களில் பிரெடெரிக் நிக்கல்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரியே, வட்டிக்காரனிடமிருந்து மக்களைக் காக்கக் கூட்டுறவு ஒன்றே வழி என்று சென்னை மாகாண சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். 1904-ல் திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கம் எழுந்தது. குடியானவன் அன்று செய்ததை, நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் ஷூ கம்பெனித் தொழிலாளிகள் இன்று செய்ய முடியாதா? மாதம் இருநூறு, முந்நூறு சேர்த்தாலும் 500 பேர் கொண்ட ஆலையில் ஒரே வருஷத்தில் பன்னிரண்டு லட்சத்துக்குக் குறையாது.

ஆகவே நாம் கோருவது இது: ஒவ்வொரு ஆலையிலும் நாணயச் சங்கத்துக்கு நிர்வாகம் வழிவிட வேண்டும், பிடித்தம் செய்த தவணையை அதே மாதம் சங்கத்தில் கட்ட வேண்டும். மாதச் சம்பளத்தை ஏழாம் தேதிக்குள் தர வேண்டும். கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் பட்டா கேட்காமல் கூலிகளுக்குச் சிறு கடன் வழங்க வேண்டும். பறிக்கப்பட்ட ஏ.டி.எம். அட்டைகளையும் வெற்றுப் பத்திரங்களையும் மீட்டுத் தர வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஜில்லா கலெக்டர்கள் தனி முகாம் நடத்த வேண்டும். அட்டையைக் கொடுத்துவிட்டவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றே பாங்குக்குச் சென்று அதை முடக்கி, புதிய அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் வேலை முடிந்து மாலையில் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதித் தருவோம், ஸ்டேஷனுக்குக் கூடவும் வருவோம்.