கோடு போட்டால் கலை இல்லையா?

பாரசீகக் கம்பளம் என்றால் கலை. பவானி ஜமக்காளம் என்றால் கல்யாண வீட்டில் உட்கார விரிப்பது. இந்தத் தராசை நம் கையில் கொடுத்தது யார்? மெர்கோங்கில் இதைக் கேட்டால் இலக்கிய நண்பர்களுக்கே சிரிப்பு வருகிறது. ‘ஜமக்காளத்துல டிசைன் எங்கங்க இருக்கு? வெறும் கோடுதானே!’

சரி, அவர்கள் கும்பிடும் கம்பளத்திலிருந்தே தொடங்குவோம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்து அர்தபில் கம்பளம். ஹிஜ்ரி 946 என்று அதிலேயே நெய்திருக்கிறது, அதாவது 1539–40. வில்லியம் மாரிஸ் சிபாரிசு செய்ய, 1893இல் 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அதன் ஜோடிக் கம்பளத்தை வெட்டித்தான் இதன் கிழிசலை அடைத்திருந்தார்கள். வெட்டுப்பட்ட ஜோடி இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. ‘தூய்மையான பாரசீகம்’ என்று உருகுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். பாரசீகக் கம்பளங்களில் நெளியும் மேகக் கீற்று சீனத்துச் சரக்கு. மாங்காய் வடிவம் பாரசீகத்தையும் காஷ்மீர் சால்வையையும் கடந்து ஸ்காட்லாந்து ஆலைக்குப் போய், அந்த ஊர்ப் பெயரில் ‘பெய்ஸ்லி’ ஆகிவிட்டது. நம் பாட்டிமார்களுக்கு அது என்றைக்கும் மாங்காய்தான்.

இப்படி எல்லாரும் எல்லாரிடமும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் நம் பக்கம் வந்ததும் ‘தாக்கம்’ ஒருவழிப் பாதையாகிவிடும். நாம் வாங்குகிறவர்கள் மட்டுமாம். கியோட்டோவின் கியோன் திருவிழாத் தேர்களில் தக்காணத்து நெசவாளிகளின் பழங்கம்பளங்கள் தொங்குகின்றனவே, அவை என்ன கணக்கு?

கோட்டுக்கு வருகிறேன். முடிச்சுக் கம்பளத்தில் ஒவ்வொரு முடிச்சையும் தனியாகப் போடுவதால் பூவும் மானும் வரும். ஜமக்காளத்தில் ஊடை நூல் பாவை முழுசாக மூடிக்கொண்டு ஓடுகிறது. ஊடையின் நிறத்தை மாற்றினால் பட்டை விழும். அந்தத் தறிக்கு இயல்பான பேச்சு அது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எத்தனை விரல் அகலம் என்பதெல்லாம் நெசவாளி எடுக்கிற முடிவு. துருக்கியின் கிலிமும் ஊடை பாவை மூடும் விரிப்புதான். அதை மட்டும் சேகரிப்பாளர்கள் சுவரில் மாட்டுகிறார்கள்!

பவானியில் இந்தத் தொழில் அரண்மனை தயவில் வளரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீமை ஆலைத்துணி வந்து இறங்கியபோது, ஜங்கமர் நெசவாளிகள் முரட்டு நூலில் வண்ணப் பட்டை போட்டு எதிர்த்து நின்றார்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. பிறகு புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறிச் சரக்கு பவானி பெயரில் விற்கிறது. கோட்டில் என்ன வித்தியாசம் என்று வாங்குகிறவரே நினைத்தால், போலி விற்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

இங்கே கெடாவில் கதை இன்னும் மோசம். லயத்து வீட்டில் தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஜமக்காளம், தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்ததும் மோட்டார் சைக்கிள் துடைக்கும் துணியானது. வரவேற்பறையில் பாசார் மாலாமில் வாங்கிய பிளாஸ்டிக் நூல் ‘பெர்சியன்’ விரிந்தது. நடுவில் பதக்கம், சுற்றிலும் கொடி. அர்தபிலின் பேரன் பேத்திகள், இயந்திரத்துக்குப் பிறந்தவை. வசதிக்கு வாங்குவதில் எனக்குச் சண்டையில்லை. அதைக் காட்டி ‘நம்மகிட்ட இந்த மாதிரி கலை இல்லியே’ என்று பெருமூச்சு விடுவதுதான் பொறுக்கவில்லை.

தோட்டப் பாரம்பரியக் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பால்வாளியையும் மங்கையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஜமக்காளத்தை அந்தப் பெட்டிக்கு அடியில் விரிக்காதீர்கள். சுவரில் மாட்டுங்கள். பக்கத்தில் சின்ன அட்டையில் எழுதுங்கள்: பவானி, பருத்தி, கைத்தறி.