கடனையும் கேளுங்கள்

2007 ஜனவரியில், எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பைச் சேர்ந்த மீனவப் பெண்கள் தங்கள் சிறுநீரகத்தை விற்றதை வெளியே சொன்னார்கள். உறுப்பு விற்பனையைத் தடைசெய்த 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில்தான் இருந்தது.

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்த கோயல் குழுவினரின் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. 96 விழுக்காட்டினர் கடனடைக்கவே விற்றிருந்தனர். விற்றபின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நால்வரில் மூவர் அப்போதும் கடனாளிகள்தான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருந்தால் சுரண்டல் இல்லை என்று வாதிடுவோர் இந்த எண்களுக்குப் பதில் சொல்லட்டும்.

எர்ணாவூருக்கு வடக்கே, அதே கரையில் பழவேற்காடு ஏரி. முகத்துவாரத்தை மணல் மூடினால் ஏரியில் இறால் வரத்து குறைகிறது. படகு, இன்ஜின், வலை எல்லாமே கடனில் வாங்கியவை. முன்பணம் தந்த வியாபாரி சொல்வதுதான் மீனுக்கு விலை. முறை வைத்து மீன்பிடிக்கும் ‘பாடு’ ஏற்பாட்டில் உரிமை இல்லாத குடும்பங்களுக்கு அப்படி வலை கட்டவும் வழியில்லை. தரகர்கள் தேடிப் போவது இத்தகைய வீடுகளைத்தான். 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளரிடமும் அப்படியே வந்தார்கள்.

நெருங்கிய உறவினரல்லாதவர் பாசத்தால் தானம் தர 1994 சட்டத்தின் 9(3) பிரிவு இடம் தருகிறது. அங்கே பணம் கைமாறாமல் தடுக்க, இருதரப்பின் மூன்றாண்டு வருமானச் சான்றையும் அனுமதிக் குழு பார்க்க வேண்டும் என்கின்றன விதிகள். கரைவலை இழுப்பவருக்கும் கையால் இறால் பிடிக்கும் பெண்ணுக்கும் என்ன வருமானச் சான்று இருக்கும்? தாசில்தார் தரும் தாளில் கந்துவட்டி தெரியாது. குழு உறுப்பினர்களே, கடனையும் கேளுங்கள்: யாரிடம், எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும்? கேட்கும்போது உடன் வந்தவரை வெளியே அனுப்பிவிடுங்கள்.

சட்டத்திலும் ஒரு பெரிய குறை உண்டு. 19-ஆம் பிரிவு பணம் கொடுத்தவரோடு பெற்றவரையும் தண்டிக்கிறது. 2011 திருத்தத்தின்படி 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஏமாற்றப்பட்டவள் புகார் கொடுக்கப் போனால் அவளே குற்றவாளி. பேசிய தொகையில் பாதியைத் தரகர் விழுங்கினாலும் அவள் வாய் திறக்க முடியாது. மருத்துவரிடம்கூட வயிற்றுத் தழும்புக்குக் காரணம் சொல்ல அஞ்சுவாள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ்பவளுக்கு ஆண்டுதோறும் தேவையான ரத்த அழுத்த, கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதப் பரிசோதனைகள் நடக்காமலே போகும்.

விற்றவரைத் தண்டனையிலிருந்து விலக்கி, தரகரையும் மருத்துவமனையையும் மட்டும் பொறுப்பாக்கும் திருத்தத்தை நம் மீனவர் சங்கங்கள் ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டும்.