பல்லுக்கும் ஒரு சும்மா விட்ட பாத்தி வேண்டும்

இந்த முறை பயிரைப் பற்றி எழுதவில்லை, பல்லைப் பற்றி எழுதுகிறேன். நம் இதழில் பல்லுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள், விஷயம் வயலுக்குத்தான் வந்து சேரும்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்குப் பல் கூச்சம் வந்தது. மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் சுரீர்னு மண்டைக்கு ஏறும். நெல்லிக்காய் கடித்தாலும், புளித்த மோர் குடித்தாலும் அதே கதை. நம் மாதக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் வீட்டில் இடித்த பற்பொடி கொடுத்தார். வேப்பம்பட்டை, கருவேலம்பட்டை, கிராம்பு, இந்துப்பு சேர்ந்தது. மூன்றே வாரத்தில் கூச்சம் போயிடுச்சு. அப்புறம் நான் சும்மா இருப்பேனா? கூட்டத்துக்குக் கூட்டம் அதைப் பற்றியே பேசினேன்.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வந்து, "அண்ணே, எனக்கும் கடைவாயில கூசுது" என்றார். "டாக்டரெல்லாம் எதுக்குப்பா, இதைப் போடு" என்று கொடுத்தேன். ஐந்து மாதம் போட்டார். அவருக்கு இருந்தது சொத்தை. கிராம்பு அவ்வப்போது மரத்துப் போகச் செய்ததால் வலி பெரிதாகத் தெரியவில்லை. சொத்தை வேர் வரை இறங்கிவிட்டது. கடைசியில் பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நான் எங்கே தப்பு செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதே மார்கழியில் என் மனைவிக்கும் பல் கூசியது. அவர் எதையும் மாற்றவில்லை. மாசி பிறப்பதற்குள் அவருக்கும் குறைந்துவிட்டது! அப்படியானால் எனக்குக் குறைந்தது பொடியாலா, தானாகவா? சொல்ல வழியில்லை. உளுந்தில் அசுவினி விழுந்தபோது இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் அடித்துவிட்டு, மறுநாள் பெய்த மழையை மறந்து, கரைசலைப் புகழ்ந்ததும் இதே மாதிரிதான். தெளிக்காத பக்கத்து வயலிலும் பூச்சி இறங்கியிருந்தது.

பல் கூச்சத்தில் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம். காரணம், கூச்சம் வரும் விதம். பல்லின் மேலே எனாமல், உள்ளே தந்தினி. தந்தினியில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள், அவற்றுக்குள் திரவம். ஈறு இறங்கினாலோ, எனாமல் தேய்ந்தாலோ குழாய் வாய் திறந்துகொள்ளும். குளிர் பட்டதும் உள்ளே திரவம் அசையும். அந்த அசைவு நரம்பைத் தூண்டும். 1960களில் சுவீடனின் பிரன்ஸ்ட்ரோம் விளக்கிய இந்தக் கருத்தைத்தான் இன்றும் பெரும்பாலான பல் மருத்துவர்கள் ஏற்கிறார்கள். உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் அந்த வாயை மெல்ல அடைத்துவிடும். புளிப்பும் முரட்டுத் தேய்ப்பும் மறுபடி திறந்துவிடும். அதனால் கூச்சம் வரும், போகும். நாமோ அது உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து தேடுவோம். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பலருக்கு "கேட்ட" மாதிரித்தான் இருக்கும்.

இதனால்தான் இந்த மருந்துகளை முறையாகச் சோதிப்பவர்கள் கறாராக இருக்கிறார்கள். ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு மருந்துள்ள பசை, இன்னொன்றுக்கு அதே நிறம், அதே ருசியில் மருந்தில்லாத பசை. யாருக்கு எது என்பது போடுபவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. பல்லில் ஒரு நொடி காற்றை ஊதி எவ்வளவு கூசுகிறது என்று குறிப்பார்கள். கூரான கருவியால் அளந்து அழுத்தி, எத்தனை கிராம் அழுத்தத்தில் கூசுகிறது என்றும் பார்ப்பார்கள். 1997இல் வந்த ஒரு வழிகாட்டுதல், குறைந்தது இரண்டு விதமான தூண்டல் வேண்டும், எட்டு வாரம் பார்க்க வேண்டும் என்கிறது. மருந்தில்லாத பசை போட்டவர்களுக்கும் கூச்சம் குறைவது இத்தகைய சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அந்தக் குறைவைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மருந்தின் வேலை.

வாயை இடது வலது என்று பிரித்து, ஒரு பக்கம் மட்டும் பூசிப் பார்க்கும் முறையும் உண்டு. மருத்துவர் பல்லில் பூசும் பூச்சுக்கு அது சரிப்படும். பற்பசை வாய் முழுக்கப் பரவிவிடும். வரப்பு கசிந்தால் ஒப்பீட்டுப் பாத்தி எதற்கு உதவும்?

இன்னொரு வேடிக்கை. கூச்சத்துக்கான பற்பசைகள் பலவற்றில் இருப்பது 5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட். நாம் வயலுக்குள் விட மாட்டோம் என்று சொல்லும் அதே வெடியுப்பு! 1974 முதல் அதைப் பல்லில் சோதித்து வருகிறார்கள். 2006இல் காக்ரேன் குழு ஆறு சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. காற்று ஊதியும் தொட்டும் பார்த்ததில் பலன் தெரிந்தது. ஆட்களே தம் கூச்சத்தைச் சொன்னதில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆட்களும் குறைவு. ஆகவே வலுவான சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். விளம்பரத்தில் இதையா சொல்கிறார்கள்? கம்பெனிக்காரனை இப்படிக் கேள்வி கேட்கத் தெரிந்த நாம், நம் கூட்டத்தில் வரும் பொடியை மட்டும் ஏன் கேட்காமல் விடுகிறோம்?

"பாட்டன் காலத்துப் பொருளுக்குச் சோதனை எதுக்கு?" என்று சில தோழர்கள் கோபப்படுவார்கள். ஆலும் வேலும் சொல்லி வளர்ந்தவன்தான் நானும். அதே பாட்டன் காலத்தில் செங்கல் பொடியாலும் தேய்த்தோம், கரியாலும் தேய்த்தோம். பல்லைத் தேய்த்துக் கூச்சத்தைக் கொண்டுவருவது அந்த முரட்டுத் தேய்ப்புதான். எது நல்லது, எது கெட்டது என்று பழமை தானாகப் பிரித்துத் தராது. நாம்தான் புடைத்து எடுக்க வேண்டும்.

ஆகவே இயக்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, ஏதாவது ஒரு பல் மருத்துவக் கல்லூரியை அணுகி, அவர்களுடைய நெறிமுறைக் குழு அனுமதியோடு நம் பொடியை எட்டு வாரம் சோதிப்போம். பொடி வேலை செய்தால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். செய்யாவிட்டால் அதையும் இதே இதழில் போட வேண்டும். இரண்டு, அதுவரை நம் கடைகளில் "பல் கூச்சம் தீரும்" என்று சீட்டு ஒட்டி விற்பதை நிறுத்துவோம். பற்பொடி என்று மட்டும் விற்போம்.

கூசுகிறவர்கள் முதலில் ஒரு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே பல்லில் மட்டும் வலி, இரவில் தானாக வலி, சூடு பட்டு விட்ட பிறகும் நீடிக்கும் வலி என்றால் தள்ளிப்போடவே கூடாது. அந்தத் தம்பியிடம் நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.