சேப்பாக்கம் ஆட்டங்களும் கரிம உமிழ்வும்: எங்கள் நிலைப்பாடு

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளின் குடியிருப்போர் நலச் சங்கத்தினர் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டங்கள் நடப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள்தான். நாங்கள் கேட்பது, ஆட்டம் பார்க்க வருவோரைக் காரிலிருந்து ரயிலுக்கும் பேருந்துக்கும் மாற்றுங்கள் என்பதே. மற்ற பசுமைத் திட்டங்கள் அதற்கு அடுத்தபடிதான்.

2023 மே 23 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் தகுதிச்சுற்று ஆட்டத்தில், ரன் எடுக்கப்படாத ஒவ்வொரு பந்துக்கும் 500 மரக்கன்றுகள் நடப்படும் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. அன்று அப்படி 84 பந்துகள். கணக்குப்படி 42,000 கன்றுகள். மரம் நடுவதை மனதார வரவேற்கிறோம். ஆனால் கன்று வளர்ந்து கரியமில வாயுவை ஈர்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆட்டத்தன்று கிளம்பும் புகையை அது குறைக்காது.

அந்தப் புகையை வாலாஜா சாலையில் நின்றாலே பார்க்கலாம். மாலை ஐந்து மணிக்கே பெல்ஸ் ரோட்டுக்குள் நுழைய முடியாமல் கார்கள் ஊர்கின்றன. ஆட்டம் முடியும் நேரத்தில் காமராஜர் சாலை ஓரம் வாடகைக் கார்கள் ஏ.சி.யை ஓடவிட்டபடி சவாரிக்குக் காத்திருக்கின்றன. ஏறத்தாழ 38,000 பேர் அமரும் மைதானம் அது.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. ஆட்ட டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போய்வரும் ஏற்பாடு 2023இல் வந்தது. ஆட்ட இரவுகளில் ரயில் நேரமும் நீட்டிக்கப்பட்டது. மிக நல்ல முடிவு. ஆனால் தென்சென்னைக்காரர்களுக்கு மைதானத்தை ஒட்டியே நிற்பது பறக்கும் ரயில். திருமயிலையில் ஏறினால் நான்காவது நிறுத்தம் சேப்பாக்கம். கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர் என்று அடையாறு முழுவதையும் தொட்டுச் செல்லும் தடம் அது. ஆட்ட டிக்கெட் இந்த ரயிலுக்கும் செல்ல வேண்டும். கடைசிப் பந்துக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது வேளச்சேரி நோக்கி அடுத்தடுத்து ரயில்கள் ஓடும் என்பதைச் சீசன் தொடங்கும் முன்பே தெற்கு ரயில்வே உறுதி செய்ய வேண்டும். நடைமேடையிலும் படிகளிலும் நல்ல வெளிச்சமும் காவலும் வேண்டும்; பெண்கள் இரவில் அங்கே போகத் தயங்குவது அவை இல்லாததால்தான்.

தி.நகரின் நிலை வேறு. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, பூங்கா நகருக்கு நடந்து பறக்கும் ரயிலைப் பிடிக்க வேண்டும். இரவு பதினொன்றரை மணிக்குத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரும் அதைச் செய்யமாட்டார்கள். புதிய மெட்ரோ தடம் பனகல் பூங்காவை இணைத்தாலும் மைதானத்துக்கு நேரே போகாது. எனவே ஆட்டம் முடிந்ததும் தி.நகர் பேருந்து நிலையத்துக்கு நேரடி மாநகரப் பேருந்துகள் விடப்பட வேண்டும்.

மைதானத்துக்குள்ளும் வேலை இருக்கிறது. விளக்குகளுக்கும் ஒளிபரப்புக்கும் ஒரு சீசனில் எத்தனை லிட்டர் டீசல் எரிகிறது என்ற கணக்கைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் வெளியிட வேண்டும். பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் கூரையில் 2015இலேயே சூரிய மின்தகடுகள் வந்துவிட்டன. பிளாஸ்டிக் கொடிகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை உள்ளது. வாசலில் அந்தத் தடையை அமல்படுத்தினாலே போதும். அணியின் பயணத்திலும் உமிழ்வைக் குறைக்கலாம்: சென்னை அணி பெங்களூரு ஆட்டத்துக்கு வந்தே பாரத் ரயிலில் போகலாம். பயணம் ஏறத்தாழ நாலரை மணி நேரம்தான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் உமிழ்வுக்கு முன்கூட்டியே உச்சவரம்பு வைத்தார்கள்; முடிந்தபின் 15.9 லட்சம் டன் என்று கணக்கையும் வெளியிட்டார்கள். லண்டன், ரியோ போட்டிகளின் சராசரியில் அது பாதிக்கும் குறைவு. சேப்பாக்கத்துக்கும் அப்படி ஓர் ஆண்டறிக்கை வேண்டும்.

எங்கள் பகுதி மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். டிக்கெட் கையில் இருப்பவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ரயிலில் போய் ஆட்டத்தைப் பாருங்கள்.