பட்டா இல்லாத விவசாயியும் படகு இல்லாத மீனவரும்

வெளியூர் நண்பர்கள் யார் போன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "என்ன மாப்ள, குற்றாலத்துல தண்ணி விழுதா?" சென்னையில் இருந்தாலும் சரி, துபாயில் இருந்தாலும் சரி, தென்காசிக்காரன் என்று தெரிந்துவிட்டால் இதைத்தான் கேட்பார்கள். நலமா என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் ஊரிலும் இதே கேள்வியைத்தான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். காரணம் மட்டும் வேறு. மெயினருவியிலும் ஐந்தருவியிலும் விழுகிற தண்ணீர் குளிக்கிறவர்கள் தலையோடு முடிந்து போவதில்லை. அது சிற்றாறாக ஓடி, அணைக்கட்டு அணைக்கட்டாகப் பிரிந்து, கால்வாய் வழியே குளங்களை நிரப்பி, மிச்சம் மீதி சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. உங்களுக்கு அது சீசன். எங்களுக்கு அது கார் சாகுபடி. சாரல் ஏமாற்றினால் லாட்ஜ்காரர்கள் மட்டுமல்ல, நாற்றுப் பாவியவர்களும் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. முப்பது வருஷமாக வயல் வேலை. கார், பிசானம் இரண்டு போகமும் பார்க்கிறவர். கையில் ஒரு பிடி மண்ணை எடுத்தே உழவுக்குப் பதம் வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் அவர் விவசாயி கிடையாது! ஏனென்றால் அவர் பயிர் செய்கிற இரண்டு ஏக்கரும் குத்தகை. நிலத்துக்காரர் குடும்பத்தோடு சென்னையில் இருக்கிறார். போகத்துக்கு இத்தனை கோட்டை நெல், அல்லது அதற்கான பணம். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் கிடையாது.

மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் விளைநிலம் இருந்ததோ அவர்களுக்கு. எங்கள் விஷயத்தில் அந்த 2,000 ரூபாய் வந்து சேர்ந்துவிட்டது என்ற எஸ்.எம்.எஸ். சென்னையில் ஒரு போனில் வந்து விழும். மாமாவுக்கு அதில் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. "பயிரு நம்ம பயிருதாம்லே, பட்டா அவிய பட்டால்லா" என்பார். எனக்குத்தான் கோபம் வரும். கணக்குப் போட்டால் நாளைக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஒரு டீக்கும் ஒரு வடைக்கும் பத்தாது. ஆனால் பிரச்சினை தொகை இல்லை, அது போய்ச் சேருகிற இடம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. டிவி முழுக்கத் தூத்துக்குடியும் ஸ்ரீவைகுண்டமும்தான். தென்காசிப் பக்கம் அந்த அளவு இல்லைதான், ஆனாலும் பிசான நடவு முடிந்த வயல்கள் பல மூழ்கின. மாமாவின் வயலும். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. ஏக்கருக்கு ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வந்து பார்த்தார்கள், எழுதினார்கள். சில மாதம் கழித்துப் பணம் வந்தது... பட்டாதாரர் கணக்குக்கு. அவர் நல்ல மனிதர்தான், பாதியை மாமாவுக்கு அனுப்பி வைத்தார். மாமா போன் செய்து அவருக்கு நன்றி சொன்னார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உழுதது இவர், நட்டது இவர், உரம் வாங்கக் கடன் வாங்கியது இவர், மூழ்கியது இவர் பயிர். அதற்கு வந்த நிவாரணத்தில் பாதி கிடைத்ததற்கு நன்றி சொல்கிறவரும் இவர்!

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர் என்று எழுதிக்கொண்டவர்கள் சுமார் 42 லட்சம் பேர், விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். வயலில் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் பட்டா இல்லாதவர்கள் என்று புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கே போதும். நம் உதவித் திட்டங்களை வரிசையாகப் பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வட்டியில்லாப் பயிர்க்கடன் வேண்டுமா, சிட்டா அடங்கல். அரசுக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமா, அங்கும் சிட்டா அடங்கல். 2025 செப்டம்பர் முதல் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500, சன்ன ரகத்துக்கு 2,545 என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் பேப்பர் இல்லாதவர் களத்துக்கே வருகிற வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்குத்தான் போட வேண்டும். (புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரள அரசு 2025 நவம்பர் முதல் கிலோவுக்கு 30 ரூபாய் என்று அறிவித்தது. ஆனால் பணம் கைக்கு வரத் தாமதமாகிறது என்று அங்கேயும் புலம்பல். இக்கரைக்கு அக்கரை பச்சை.)

கடன் தள்ளுபடியும் அப்படித்தான். 2006, 2016, 2021 என்று மாநில அரசு கூட்டுறவுக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2021-ல் மட்டும் 12,110 கோடி ரூபாய், 16 லட்சம் விவசாயிகளுக்கு மேல். மாமாவுக்குப் பயிர்க்கடனே கிடையாது, பிறகு எதைத் தள்ளுபடி செய்வது? அதே வருஷம் கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி வந்ததே, அதுதான் அவருக்கு உதவியது. அத்தையின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அந்த வருஷம் நாற்று நட்டிருந்தார். அரசாங்கம் ஒரு விவசாயிக்குக் கைகொடுத்தது, ஆனால் அவரை விவசாயி என்று தெரிந்து அல்ல, அத்தையின் கழுத்து வழியாக :-)

சரி, மீனவர் விஷயத்துக்கு வருவோம். மலையடிவாரத்துக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். கடலோர ஊர்க்காரன் ஒருவன் என்னோடு படிக்கிறான், தூத்துக்குடி மாவட்டம். அவனுடைய அப்பாவுக்குச் சொந்தப் படகு கிடையாது. இன்னொருவருடைய விசைப்படகில் பங்குக்குப் போகிறார். நான் மாமா கதையைச் சொன்னபோது அவன் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "எங்க அப்பாவுக்குத்தான் போட்டே கிடையாதே, ஆனா தடைக்காலப் பணம் வந்துருமே!"

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம். 2001-ல் 45 நாட்களாக ஆரம்பித்தது, 2017-லிருந்து 61. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறார்கள். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வராக இருந்த ஸ்டாலின் அதை 5,000-லிருந்து 8,000 ஆக்குவதாக அறிவித்தார். இதுவும் பெரிய தொகை இல்லை. 61 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 131 ரூபாய். 2025-26-ல் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலியே 336 ரூபாய். மீனவர்கள் போதாது என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு விஷயம் சரியாக இருக்கிறது. "உன் பெயரில் படகு இருக்கிறதா?" என்று அது கேட்பதில்லை. "நீ மீன்பிடித் தொழில் செய்கிறாயா?" என்றுதான் கேட்கிறது. கடலுக்குப் பட்டா கிடையாது அல்லவா! யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் வேலை செய்கிறவரைக் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால் ஆளைத்தான் பார்த்தாக வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் இருப்பதால், அரசாங்கம் அவரைப் பார்த்ததோடு நின்றுவிடுகிறது. டீசல் மானியம் மாதிரி படகுக்காரருக்குப் போகிற உதவிகள் மீன்வளத் துறையிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் கூலிக்குப் போகிறவர் பெயரும் ஒரு பட்டியலில் இருக்கிறது.

இதில் இன்னொரு கூட்டம் விடுபட்டுப் போகிறது. எங்கள் குளங்களில் வலை வீசுகிறவர்கள். தென்காசி மாவட்டத்தில் கடல் இல்லை, குளங்கள் நிறைய. கட்லா, ரோகு, கெண்டை குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள். மீன்பாசிக் குத்தகை என்று ஏலம் போகும். ஏலம் எடுப்பவர் கையில் காசு உள்ளவர். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை இழுக்கிறவர்களுக்கு அன்றைக்குக் கூலி. மழை பொய்த்துக் குளம் நிரம்பாத வருஷத்தில் அவர்களுக்குத் தடைக்காலம் 61 நாளோடு முடிவதில்லை, வருஷம் முழுக்கத் தடைக்காலம்தான். ஆனால் தடைக்கால நிவாரணம் கடல் மீனவருக்கு உள்ளது, குளத்துக்காரருக்கு இல்லை.

போதாக்குறைக்கு இந்த இரண்டு ஏழைகளும் ஒரே மடையில் மோதிக்கொள்கிறார்கள். மாசி, பங்குனியில் குளத்தில் தண்ணீர் குறைந்தால்தான் மீன் பிடிக்க வசதி. அதே சமயம்தான் பிசான நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் வேண்டும். பாசனம் முதலில், மீன் அப்புறம் என்பதுதான் முறை. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக மடை திறந்து கிடக்கும். காலையில் சண்டை. அந்தச் சண்டையில் குளத்தை ஏலம் எடுத்தவரும் இருக்க மாட்டார், நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவரும் இருக்க மாட்டார். வலைக்கூலியும் குத்தகை விவசாயியும்தான் கரையில் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். சின்ன வயதில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

பிரதமரின் மீன்வளத் திட்டம் 2020-ல் வந்தது. சுமார் 20,000 கோடி. குளம் வெட்டி மீன் வளர்க்க 40 சதவீத மானியம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குளம் வெட்ட இடம் வேண்டுமே... மறுபடியும் பட்டா.

"குத்தகைக்காரர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஒரு கேள்வி வரும். சட்டமே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1955-லேயே சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் எழுதுவதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. பிரச்சினை என்னவென்றால், பதிவு செய்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நிலத்துக்காரர்களுக்குப் பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. வாழ்நாள் சேமிப்பில் ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டவருக்கு அது இருக்கத்தான் செய்யும். அதனால் எதையும் எழுதுவதில்லை, எழுதாததால் சாகுபடி செய்கிறவர் கணக்கில் வருவதில்லை.

ஆந்திராவில் 2019-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாகுபடி செய்கிறவருக்குப் பதினோரு மாதத்துக்கு ஒரு அட்டை. நிலத்தில் எந்த உரிமையும் கிடையாது, கடன், நிவாரணம், காப்பீட்டுக்கு மட்டும். ஆனால் அதற்கும் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும் என்று வைத்ததால் பலருக்குக் கிடைக்கவில்லை. ஒடிசாவின் காலியா திட்டம் குத்தகை விவசாயிகளையும் நிலமில்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டது. என் கருத்து, ஒடிசா வழிதான் சரி. கையெழுத்தே வேண்டாம். எந்த வயலை யார் உழுகிறார் என்று ஊரில் தெரியாதவர் யார்? டீக்கடையில் கேட்டால் சர்வே நம்பர் உட்படச் சொல்வார்கள். 2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களைக் காட்டிலும் மேட்டிலும் நடக்க விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? படிக்கிற பிள்ளைகளை அப்படி அனுப்பியது சரியா என்பது வேறு விவாதம். ஆனால் வயல் வயலாகப் போய் என்ன பயிர் என்று எழுத முடிகிறதென்றால், பயிர் வைத்தது யார் என்றும் கிராமசபையில் வாசித்துக் காட்டி எழுதிக்கொள்ளலாம்.

பி.எம். கிசானில் தமிழ்நாட்டில் 2020-ல் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் சேர்ந்து 110 கோடி ரூபாய் வரை போனதே, அப்படி ஆகாதா என்று கேட்கலாம். ஆகலாம். ஆனால் அந்த மோசடி பட்டா கேட்கிற திட்டத்தில்தான் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2025-ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதுவும் நில ஆவணத்தை வைத்துத்தான். ஊரில் முகாம் போட்டிருந்த அன்று மாமா என்னிடம் கேட்டார், "ஏலே, அந்த நம்பருக்கு நானும் போயி எழுதணுமா?"

"பட்டா கேப்பாவ மாமா" என்றேன்.

"அப்ப சரி" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையைப் பார்க்கப் போய்விட்டார். முந்தின நாள்தான் குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது.