ஊரைக் கேட்டா கல்யாணம் நடக்குமா?

எலெக்‌ஷன் வந்துட்டா நம்ம கடலூர் மாவட்டத்துல டீக்கடைக்கு ஒரு நிபுணர் கிளம்பிடுவார். குறிஞ்சிப்பாடியில இந்தச் சாதி ஓட்டு எவ்வளவு, புவனகிரியில அந்தச் சாதி ஓட்டு எவ்வளவு, நெய்வேலி டவுன்ஷிப் எந்தப் பக்கம் சாயும், கடலோரத்து மீனவர் கிராமங்கள் என்ன பண்ணும்... எல்லாத்தையும் பேப்பர் ஓரத்துலயே கூட்டிக் கழிச்சுச் சொல்லிடுவார். பாதி நேரம் தப்பாப் போகும். ஆனா அடுத்த எலெக்‌ஷனுக்கும் அதே பெஞ்சு, அதே கணக்கு :-)

இந்தக் கணக்கு கட்சிக்கு ஓட்டுப் போடுறப்ப ஓரளவு ஒத்துவரும். 'இந்த ரெண்டு பேரு கல்யாணம் பண்ணிக்கலாமா, வேண்டாமா?'ன்னு ஊரைக் கூட்டி ஓட்டுப் போடச் சொன்னா என்ன ஆகும்? சிரிக்காதீங்க மக்கா. நிஜமாவே பல நாட்டுல போட்டிருக்காங்க. தன்பாலினத் திருமணம், அதாவது ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செஞ்சுக்கிறதைப் பத்தின ஓட்டு. அந்த முடிவுகளைப் பார்த்துட்டு 'இந்த இனம்தான் தோக்கடிச்சது, அந்த ஏரியாக்காரன்தான் காரணம்'னு அங்கேயும் டீக்கடை நிபுணர்கள் கிளம்பினாங்க. அந்தக் கணக்கு எங்க தப்புதுங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கலிபோர்னியா. 2008 மே மாசம் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணம் செல்லும்னு தீர்ப்பு சொல்லிச்சு. ஜூன்ல கல்யாணங்கள் ஆரம்பிச்சது. நவம்பர்ல 'எட்டாம் முன்மொழிவு'ன்னு ஒண்ணைக் கொண்டுவந்து, கல்யாணம்னா ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும்தான்னு அரசியல் சட்டத்தை மாத்தலாமான்னு மக்கள்கிட்ட ஓட்டு கேட்டாங்க. 52.2 சதவீதம் பேர் மாத்தலாம்னு சொல்லிட்டாங்க. அதே நாள், அதே வாக்குச்சாவடியில, அதே மாநிலம் ஒபாமாவுக்கு 61 சதவீதம் ஓட்டை அள்ளிக் கொடுத்துச்சு.

உடனே ஒரு கதை கிளம்பிச்சு. ஒபாமாவுக்காகத் திரண்டு வந்த கறுப்பின மக்கள்தான் இந்தக் கல்யாணங்களுக்கு வேட்டு வச்சாங்கன்னு. வாக்குச்சாவடி வாசல்ல எடுத்த கணிப்பு, கறுப்பினத்தவர்ல 70 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவுன்னு சொல்லிச்சு. விடுவாங்களா பத்திரிகைக்காரங்க?

ரெண்டே மாசம் கழிச்சு, 2009 ஜனவரியில, பேட்ரிக் ஈகன், கென்னத் ஷெரில்னு ரெண்டு அரசியல் ஆய்வாளர்கள் தொகுதி வாரியான முடிவு, மத்த கணிப்பு எல்லாத்தையும் சேர்த்து வச்சு அலசினாங்க. அந்த 70 நிக்கல. 60-க்குக் கீழேதான்னு தெரிஞ்சது. அந்த வித்தியாசமும் பெரும்பாலும் எதனாலன்னு பார்த்தா, வாராவாரம் சர்ச்சுக்குப் போறதால. எந்த நிறமா இருந்தாலும், வாராவாரம் வழிபாட்டுக்குப் போறவங்கள்ல பெரும்பாலானவங்க தடைக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க. அதோட வயசு, கட்சி, அரசியல் சாய்வு. இந்த நாலையும் கணக்குல எடுத்துக்கிட்டா தோல் நிறத்துக்குச் சொல்ல அதிகம் மிச்சமில்லை.

இன்னொரு விஷயம். அதே கலிபோர்னியா 2000-ல இதே மாதிரி ஒரு ஓட்டெடுப்புல 61 சதவீதத்துக்கு மேல தடைக்கு ஆதரவு தந்துச்சு. 2008-ல 52. 2024 நவம்பர்ல, அந்தத் தடை வாசகத்தைச் சட்டத்துல இருந்தே தூக்கலாமான்னு கேட்டப்போ 62 சதவீதத்துக்கு மேல 'தூக்கு'ன்னு சொல்லிட்டாங்க. இருபத்தி நாலு வருஷத்துல அப்படியே தலைகீழ். இத்தனைக்கும் 2000-ஐ விட 2024-ல வெள்ளையரல்லாதவங்க பங்கு கூடித்தான் இருக்கு. இனக் கணக்கு சரின்னா இது எப்படி நடக்கும்?

சரி, அமெரிக்காக் கதை நமக்கெதுக்குங்கறீங்களா? நம்ம ஆளுங்க இருக்குற இடத்துக்கே வருவோம்.

ஆஸ்திரேலியாவுல 2017-ல தபால் மூலமா இதே கேள்வியைக் கேட்டாங்க. 61.6 சதவீதம் ஆமாம். மொத்தம் 150 தொகுதி. அதுல 133 ஆமாம், 17 இல்லை. அந்தப் பதினேழுல பன்னிரண்டு சிட்னியில, அதுலயும் பெரும்பாலும் மேற்குச் சிட்னியில. வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில்னு சொன்னா அங்க சொந்தக்காரங்க இருக்குறவங்களுக்குப் புரியும். தமிழ் மளிகைக் கடை, இடியாப்பம், கோயில் எல்லாம் இருக்குற ஏரியா. அதைச் சுத்தின பரமட்டா தொகுதியில 61.6 சதவீதம் 'இல்லை'. நாடு 'ஆமாம்' சொன்ன அதே 61.6! கிரீன்வேயில 53.6 சதவீதம் இல்லை. லெபனான், வியட்நாம்னு பல நாட்டுக்காரங்க வாழுற பிளாக்ஸ்லேண்டுல 73.9.

இங்கேயும் அதே கதைதான். 'வந்தேறிகள் ஏரியா, வேற எப்படி ஓட்டுப் போடுவாங்க?'ன்னு. மிச்ச அஞ்சு தொகுதியைப் பாருங்க. ரெண்டு மெல்போர்ன்ல. மூணு குயின்ஸ்லாந்துல: மரனோவா, குரூம், கென்னடி. குயின்ஸ்லாந்துத் தொகுதிகள் மூணுலயும் பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, விவசாயம், மாடு, சர்ச். வென்ட்வொர்த்வில் சாம்பாருக்கும் மரனோவா மாட்டுப் பண்ணைக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு இடத்துலயும் மதப்பற்று அதிகம், குடும்பம்ங்கற அமைப்பு இறுக்கம். அவ்வளவுதான்.

இதுல ரெண்டு விஷயம் யாரும் பேசுறதில்லை. ஒண்ணு, அந்தத் தபால் சீட்டுல யாரு தமிழன், யாரு சீனன், யாரு லெபனான்காரன்னு எழுதியிருக்காது. தொகுதிக் கணக்கு மட்டும்தான் வந்துச்சு. ஒரு தொகுதி 'இல்லை'ன்னு சொன்னதை வச்சு, அங்க இருக்குற தமிழன் 'இல்லை'ன்னு சொன்னான்னு முடிவு கட்ட முடியாது. நம்ம ஊர் வார்டுல ஒரு கட்சி ஜெயிச்சா அந்த வார்டுல எல்லாரும் அந்தக் கட்சியா? பரமட்டாவுலயே 38.4 சதவீதம் பேர் 'ஆமாம்'. அவ்வளவு மோசம்னு பேரெடுத்த பிளாக்ஸ்லேண்டுல நாலுல ஒருத்தருக்கு மேல 'ஆமாம்'. அதுல ஒரு முக்காடு போட்ட அம்மா இருக்கலாம், ஒரு திருநீறு பூசின ஐயா இருக்கலாம்.

ரெண்டாவது இதைவிட சுவாரசியம். அதே வருஷம் டிசம்பர்ல நாடாளுமன்றத்துல சட்டம் ஓட்டுக்கு வந்தப்போ, பிளாக்ஸ்லேண்டு எம்.பி. ஜேசன் கிளேர், வாட்சன் எம்.பி. டோனி பர்க், மக்மேன் எம்.பி. கிறிஸ் போவன், மூணு பேரும் ஆதரிச்சாங்க. தொகுதியில மூணுல ரெண்டு பேர் இல்லைன்னு சொன்ன பிறகும். ஒழிஞ்சாங்கடான்னு நினைச்சா, 2019 தேர்தல்ல மூணு பேருமே ஜெயிச்சு வந்தாங்க! 'இல்லை'ன்னு குத்தினவங்கள்ல பலபேருக்கு அது ஒரு அபிப்பிராயம், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்காரன் யாரைக் கட்டினாலும் அவங்க தூக்கம் கெடல.

இப்ப நம்ம நாடு. இங்க இப்படி ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது. ஆனா மக்கள் கணக்கு உள்ள வந்துச்சு. 2023-ல உச்ச நீதிமன்றத்துல வழக்கு நடந்தப்போ, இது நகரத்து மேல்தட்டுக்காரங்க கோரிக்கைன்னு மத்திய அரசு மனுவே தாக்கல் பண்ணிச்சு. அதாவது சென்னை, பெங்களூர், இங்கிலீஷ், ஐ.டி. கம்பெனி. வடலூர்லயும் விருத்தாசலத்துலயும் அப்படி யாருமே இல்லையாம்! 1987-லயே மத்தியப் பிரதேசத்துல ரெண்டு பெண் போலீஸ் கான்ஸ்டபிள்கள் மாலை மாத்திக்கிட்டு, அதுக்காக வேலையையும் இழந்தாங்க. அவங்க எந்த மேல்தட்டு? அந்த வழக்குல 2023 அக்டோபர் 17-ல அஞ்சு நீதிபதிகளும் கல்யாணம் அடிப்படை உரிமை இல்லை, நாடாளுமன்றம் பார்த்துக்கட்டும்னு சொல்லிட்டாங்க. பந்து இப்ப ஓட்டு வாங்குறவங்க கையில.

சரி, ஒரு பேச்சுக்கு வடலூர்ல நாளைக்கே ஓட்டுப் போட்டா? தோக்கும்னு எனக்குத் தெரியும். நீங்களும் அதையேதான் நினைப்பீங்க. ஆனா ஏன் தோக்கும்? எந்தச் சாதி எவ்வளவு பேருங்கறதால இல்லை. நம்ம ஊர்ல பெரும்பாலானவங்களுக்கு அப்படி ஒருத்தரைக்கூட நேர்ல தெரியாது. தெரியாதுங்கறதைவிட, தெரிஞ்சவர் சொல்லலைங்கறதுதான் சரி. சொன்னா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும்.

தெரிஞ்சா என்ன மாறும்ங்கறதுக்கு சென்னை உயர் நீதிமன்றமே சாட்சி. 2021-ல மதுரையில இருந்து ஓடிவந்த ரெண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டு வந்தாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுசாப் புரியலைன்னு வெளிப்படையா எழுதி, ஒரு உளவியல் ஆலோசகர்கிட்ட உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம்தான் உத்தரவு போட்டார். 2021 ஜூன் 7 உத்தரவு அது. எவ்வளவு பெரிய மனசு வேணும் அதுக்கு!

அதுக்காக ஊரே புரிஞ்சுக்கிட்டு ஓட்டுப் போடுற வரைக்கும் அந்த ரெண்டு பேர் காத்திருக்கணுமா? இங்கதான் நான் 'கூடாது'ங்கறேன்.

வேற எங்கேயும் போக வேண்டாம். வடலூர்ல இருந்து ஒரு மணி நேர பஸ் தூரம் விருத்தாசலம். அதுக்குப் பக்கத்துலதான் 2003-ல முருகேசனையும் கண்ணகியையும் விஷம் கொடுத்துக் கொன்னாங்க. சாதி மாறிக் கல்யாணம் பண்ணினாங்கங்கறது ஒண்ணுதான் குத்தம். கடலூர் நீதிமன்றத்துல தீர்ப்பு வர 2021 ஆச்சு. அந்தக் கல்யாணம் செல்லுமான்னு அன்னைக்கு அந்த ஊர்ல ஓட்டு விட்டிருந்தா என்ன ரிசல்ட் வந்திருக்கும்? யோசிச்சுப் பாருங்க. சாதி மறுப்புத் திருமணமும் சுயமரியாதைத் திருமணமும் இன்னைக்குச் சட்டப்படி செல்லுதுன்னா, ஊர் ஊரா ஓட்டுக் கேட்டு வந்ததில்லை. சுயமரியாதைத் திருமணத்தை 1967-ல அண்ணா ஆட்சியில சட்டமன்றம் செல்லும்னு ஆக்கிச்சு. ஊர் மெதுவா பின்னாடி வந்துச்சு. இன்னும் வந்துகிட்டே இருக்கு.

அமெரிக்காவுலயும் இதேதான். கறுப்பர்-வெள்ளையர் கல்யாணத்துக்கு இருந்த தடையை 1967-ல உச்ச நீதிமன்றம் உடைச்சப்போ பெரும்பான்மை அதை ஏத்துக்கல. செத்துப்போன அந்தத் தடை வாசகத்தை 2000-ல அலபாமா மாநிலம் ஏட்டுல இருந்து எடுக்கலாமான்னு ஓட்டு விட்டப்போகூட, 40 சதவீதம் பேர் 'இருக்கட்டும்'னாங்க! முப்பத்து மூணு வருஷம் கழிச்சும் நாப்பது சதவீதம். அந்த ஓட்டுக்காகக் காத்திருந்தவங்க கிழவங்களாகியிருப்பாங்க.

வடலூர் தர்மசாலையில 1867-ல இருந்து அடுப்பு எரியுது. பசின்னு வர்றவங்களுக்கு எந்தச் சாதி, எந்த மதம்னு கேக்காம சோறு. இதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வள்ளலார் ஊர்ல ஓட்டெடுப்பு நடத்தியிருந்தா, பந்தியில யார் யார் பக்கத்துல உட்காரலாம்னு ஊரு சொல்லியிருக்கும்?

என் கட்சி இதுதான். யார் எப்படி ஓட்டுப் போடுறாங்கன்னு தெரிஞ்சுக்க மக்கள் கணக்கு வேணும். யார்கிட்ட போய்ப் பேசணும், எந்த மொழியில பேசணும்னு அது சொல்லித்தரும். ஒரு இனத்துமேல பழியைப் போட அது உதவாது. ரெண்டு பேர் சேர்ந்து வாழலாமாங்கறதை முடிவு பண்ணவும் அது உதவாது.

மாத்துக் கருத்து இருந்தா தாராளமா எழுதுங்க. ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)

டிஸ்கி: 'நமக்குத்தான் கூவாகம் இருக்கே, நாம எப்பவோ ஏத்துக்கிட்டோம்'னு யாராவது கிளம்புவீங்க. கூவாகம் திருநங்கையர் திருவிழா. அது வேற, இது வேற. ஒருநாள் தாலி கட்டி மறுநாள் அறுக்குற சடங்கை வேடிக்கை பார்க்கப் போறது சுலபம். மூணாவது நாள் அவங்க நம்ம தெருவுல வீடு வாடகைக்குக் கேட்டா என்ன சொல்றோம்ங்கறதுல இருக்கு ஏத்துக்கிட்ட லட்சணம்.